பங்களா வேண்டாம் தம்பி, ஹாஸ்டலுக்குப் போங்க: மாணவர் ஹாரர் படத்த டீன் ஏஜ் பசங்க பாக்கறதுக்கு

தம்பி, நீங்க கேட்டத மொதல்ல ஒருக்கா சுருக்கிச் சொல்லிக்கறேன், படிக்கற மத்தவங்களுக்கும் புரியோணும்ல. விஸ்காம், அதாவது விசுவல் கம்யூனிகேசன் கடைசி வருசம், ப்ராஜெக்டுக்கு 22 நிமிஷத்துல ஒரு ஹாரர் த்ரில்லர். அஞ்சு பிரெண்ட்ஸ் லீவுக்கு ஊட்டிப் பக்கம் பழைய பங்களாவுக்குப் போறாங்க, அங்க முன்னால தற்கொலை பண்ணிக்கிட்ட ஒரு பொண்ணோட ஆவி ஒவ்வொருத்தரா பழி வாங்குது. பாக்க வேண்டியவங்க 13ல இருந்து 19 வயசு. அவங்கள எப்படி இழுக்கறது, இன்ஸ்டாகிராம்ல என்ன போடறது, போஸ்டர் எப்படி இருக்கோணும், இதுதான உங்க கேள்வி.

நான் கோயம்புத்தூர்ல எடிட்டிங், சவுண்டு வேலை பாக்கறவன். கல்யாண வீடியோ சோறு போடுது, காலேஜ் குறும்படம் மனசுக்கு. வருசா வருசம் ஹாரர் படம் என்ற டேபிளுக்கு வந்துட்டே இருக்கும், பாதிக்குப் பாதி பங்களாதான். அதனால போஸ்டருக்கெல்லாம் அப்புறம் வரலாம், மொதல்ல கதைய பேசிக்கலாம். படத்த எடுத்து முடிச்சுட்டு பசங்கள எப்படி வரவெக்கறதுன்னு யோசிச்சா எந்த ரீல்ஸும் காப்பாத்தாது. ஒரு பையன் படம் பாத்துட்டு அடுத்த நாள் ஸ்கூல் வேன்ல பக்கத்துல உக்காந்திருக்கறவன் கிட்ட ஒரே மூச்சுல சொல்லற மாதிரி ஒரு விசயம் படத்துல இருக்குதா, அத மட்டும் பாருங்க. இருந்தா அவனே உங்களுக்கு விளம்பரம் பண்ணிருவான், பத்து பைசா செலவில்ல. 'ஒரு பங்களாடா, அங்க ஒரு பேய்டா'ன்னு சொன்னா கேக்கறவன் சன்னலப் பாத்துக்கிட்டு வருவான்.

ஸ்வீடன்ல டேவிட் சாண்ட்பெர்க்னு ஒருத்தர் 2013ல 'லைட்ஸ் அவுட்'னு மூணு நிமிஷம்கூட இல்லாத ஒரு படம் எடுத்தாரு. சொந்த வீட்டுல எடுத்தது, நடிச்சது அவரோட சம்சாரம், வேற யாரும் பெருசா கெடையாது. லைட்ட அணைச்சா ஒரு உருவம் நிக்குது, போட்டா இல்ல. அவ்ளோதான் கதை. ஆனா அந்த ஒரு விதி இருக்குது பாருங்க, அத எட்டாவது படிக்கற பையன்கூட சொல்லிருவான், சொல்லிட்டு அன்னைக்கு ராத்திரி அவன் வீட்டு சுவிட்ச அணைக்கறப்ப அவனுக்கே ஒரு மாதிரி இருக்கும். அது இன்டர்நெட்ல பரவி, ஹாலிவுட்ல கூப்பிட்டு, 2016ல அதே பேர்ல முழுநீளப் படமா அவரே டைரக்ட் பண்ணாரு. பேய் என்ன டிரஸ் போட்டிருந்துச்சுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது, சுவிட்ச் ஞாபகம் இருக்கும்.

இன்னொண்ணு. அமெரிக்கால கேன் பார்சன்ஸ்னு ஒரு பையன், 16 வயசு, 2022 சனவரில யூட்யூப்ல 'பேக்ரூம்ஸ்' வீடியோ போட்டான். இலவசமா கெடைக்கற பிளெண்டர்ங்கற 3டி சாப்ட்வேர்ல பண்ணது. மஞ்சச் சுவரு, காலி ரூமு, டியூப் லைட்டு 'ங்ங்ங்'னு எரையற சத்தம், ஒரு ரூம் முடிஞ்சா இன்னொரு ரூம். பாழடஞ்ச பங்களா இல்ல, ஒட்டடை இல்ல, ஆபீஸாட்ட ஒரு எடம். கோடிக்கணக்குல பாத்தாங்க. ஏன்னா காலியான ஸ்கூல் வராண்டால சாயங்காலம் தனியா நின்னிருக்கற யாருக்கும் அந்த பயம் தெரியும். பங்களாவுக்குள்ள நம்ம பசங்க எத்தன பேரு போயிருப்பாங்க சொல்லுங்க?

நம்மூருப் பையன் எங்க பொழைக்கறான்னு பாருங்க. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் ஹாஸ்டல் ஸ்கூலுக்கு பேர் போன எடம், மாநிலம் பூரா இருந்து புள்ளைகள கொண்டாந்து சேத்திருக்காங்க. விடியக் கருக்கல்ல ஸ்டடி, ராத்திரி ஸ்டடி, போன் கெடையாது, ஞாயித்துக்கெழம அப்பா அம்மா வந்து மரத்தடில சோறு ஊட்டிட்டுப் போவாங்க. அங்க படிச்சவன், படிக்கறவன், தம்பிய சேத்து விட்டவன்னு இந்தப் பக்கம் எந்த வகுப்புல போய்க் கேட்டாலும் கை தூக்குவாங்க. அத விட்டுட்டு ஊட்டிக்கு ஏன் போறீங்க?

ஒரு உதாரணம் சொல்றேன், வேணும்னா எடுத்துக்குங்க. ராத்திரி ஸ்டடி முடிஞ்சதும் வார்டன் தலை எண்றாரு. மொத்தம் 42 பேரு. எண்ணிப் பாத்தா 43. பேர் சொல்லிக் கூப்பிட்டா 42 பேருந்தான் 'பிரசன்ட் சார்'ங்கறான், தெரியாத மூஞ்சி ஒண்ணுகூட இல்ல. திரும்ப எண்ணினா 43. வார்டன் தூக்கக் கலக்கம்னு நெனச்சுட்டுப் போயிர்றாரு. அடுத்த நாளும் அதே. மூணாவது நாள் எண்ணிக்கை கரெக்டா 42 வருது, எல்லாரும் அப்பாடான்னு சிரிக்கறாங்க. அப்ப கடைசி வரிசைல இருந்து ஒரு பையன் மட்டும் மெதுவா எந்திரிச்சு, 'சார், என்ற பக்கத்துக் கட்டில் காலியா இருக்குதுங் சார்'ங்கறான்.

இதுல பேய எங்கயாச்சும் காட்டினனா? ஒரு ரெஜிஸ்டரும் ஒரு விரலும்தான். ஆனா கதை அங்க நிக்காது, அதிகமா இருக்கறவன் யாரு, காணாமப் போனவன எப்படித் திருப்பறது, நாளைக்கு யாருன்னு த்ரில்லர் தானா ஓட ஆரம்பிச்சுரும். 'எங்க ஹாஸ்டல்ல எப்ப எண்ணினாலும் ஒருத்தன் அதிகம்டா'ன்னு வேன்ல சொல்றதுக்கும் ஆச்சு.

லொக்கேசனுக்கு ஸ்கூல்ல அனுமதி கெடைக்காது, கேட்டு நேரத்த வீணாக்காதீங்க. கல்யாண மண்டபத்து மாடில வரிசையா ரூமும் பெரிய ஹாலும் இருக்கும், பெஞ்சு, கட்டில் வாடகைக்கு எடுத்துப் போட்டா ஹாஸ்டல்தான். ஆடிலயும் மார்கழிலயும் முகூர்த்தம் கெடையாது, மண்டபம் சும்மா கெடக்கும், யாராச்சும் பெரியவங்கள வெச்சுப் பேசினா வாடகைய நல்லா கொறைச்சுக்குவாங்க. ரெண்டுல மார்கழி நல்லது. ஆடில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து இருக்குதே, பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் மைக்க வெளிய நீட்டவே விடாது, டயலாக் பூரா டப்பிங்தான் ஆகும்.

ஹாஸ்டல் வேண்டாம்னா தோட்டத்துச் சாளை இருக்குது, மோட்டார் ரூம் இருக்குது, படி எறங்கற பழைய கெணறு இருக்குது. நம்ம பக்கம் கெணத்துக்கு ஆழம் சாஸ்தி, கல்லப் போட்டா சத்தம் வர சித்த நேரம் ஆகும், அந்த இடைவெளியே ஒரு சீனு. சோமனூர், பள்ளிபாளையம் மாதிரி தறி ஓடற ஊர்ல ஒரு விசயம் கவனிச்சிருக்கீங்களா, ராப்பகலா லடக்கு லடக்குன்னு ஓடிட்டே இருக்கும், அங்க பொறந்து வளந்த புள்ளைக அந்தச் சத்தத்துலதான் தூங்கும். கரண்ட் போயி தறி நின்னுச்சுன்னா தொட்டில்ல இருக்கற கொழந்தகூட முழிச்சுக்கும். படத்துல அஞ்சு நிமிஷம் தறிச் சத்தத்தப் பின்னால ஓட விட்டு பாக்கறவன் காத அதுக்குப் பழக்கிட்டு, ஒரு எடத்துல சட்டுன்னு நிறுத்துங்க. வயலினும் வேண்டாம் அலறலும் வேண்டாம், தியேட்டரே நிமிந்து உக்காரும்.

நம்ம அமுச்சி அப்பிச்சி சொன்ன கதையில எடுக்கலாமான்னா தாராளமா எடுக்கலாம். சாமக்கோடாங்கி, அதான் நடுச்சாமத்துல குடுகுடுப்பை அடிச்சுக் குறி சொல்லிட்டு வர்றவரு, அவரு வர்றப்ப வெளிய பாக்கக் கூடாது, நாய்கூடக் கொலைக்காது, சொன்னா பலிச்சுரும்னு சொல்லிச் சொல்லியே நம்மள தூங்க வெச்சிருக்காங்க. நடுச்சாமத்துல தெருக்கோடில உடுக்கைச் சத்தம், கிட்ட வர வர நாய் ஒவ்வொண்ணா அடங்குது, அத விட என்ன வேணும். ஆனா ஒண்ணு, குடுகுடுப்பை அடிக்கறவங்க நெசமா வாழற ஜனங்க, அவங்க புள்ளைகளும் ஸ்கூலுக்குப் போகுது, அவங்கள வில்லனாக்கி மந்திரவாதியாட்ட காட்டிராதீங்க. சாமி விசயமும் அப்படித்தான். ஆனைமலை மாசாணியம்மன் கோயில்ல நீதி கேட்டு மொளகா அரைச்சுப் பூசறாங்கள்ல, அந்த அம்மிய ஷாட்ல பாத்தாலே பதறும்னு எனக்கும் தெரியுது, கண்ணுல தண்ணி வழிய அரைக்கறவங்களுக்கு அது கடைசி கோர்ட்டு தம்பி. நம்ம 'திக்' காட்சிக்கு அதத் தொட வேண்டாம்.

இப்ப உங்க கதைல எனக்கு உறுத்தற விசயத்துக்கு வர்றேன். தற்கொலை பண்ணிக்கிட்ட பொண்ணு ஆவியா வந்து பழி வாங்கறது. தமிழ்ல ஆயிரம் தடவ வந்துருச்சுங்கறது ஒரு பக்கம். நீங்க பாக்கச் சொல்றது 13, 14 வயசுப் புள்ளைகள. செத்துப் போனா பலம் வரும், கேவலப்படுத்துனவங்களுக்குப் பாடம் கத்துத் தரலாம்னு அந்த வயசுல ஒரு படம் சொல்லக் கூடாதுங்க. மார்க்கு, காதலு, போட்டோ மிரட்டல்னு ஏற்கெனவே நொந்து கெடக்கற ஒரு புள்ள கூட்டத்துல உக்காந்திருக்கும், அது யாருன்னு உங்களுக்குத் தெரியாது. அந்த ஆவிய எடுத்துருங்க. வேற எதுனாலும் வெச்சுக்குங்க.

எடுத்துட்டா இன்னொரு லாபமும் உண்டு. சினிமாக்காரங்க சென்சார்னு சொல்ற சர்டிபிகேட் விசயம். டிக்கெட் போட்டு தியேட்டர்ல பொதுவாக் காட்டறதுனா சர்டிபிகேட் வாங்கியே ஆகோணும். 2023ல சட்டத்த திருத்தி 2024ல புது விதி கொண்டாந்தாங்க, முன்னால ஒண்ணா இருந்த யூஏவ இப்ப யூஏ 7+, யூஏ 13+, யூஏ 16+னு மூணா பிரிச்சாச்சு. யூஏங்கறது பெத்தவங்களுக்கு ஒரு எச்சரிக்கைதான், ஆனா 'ஏ' வந்துச்சுன்னா 18க்குக் கீழ உள்ளயே விட மாட்டாங்க, உங்க மொத்த ஆடியன்ஸும் வாசல்ல நிக்கும். யூட்யூப்ல போடறதுக்கு இந்த சர்டிபிகேட் தேவையில்லதான், ஆனா அங்க வேற கதை. ரத்தம், கழுத்தறுக்கறது, தன்னத்தானே காயப்படுத்தறது இதெல்லாம் அப்பட்டமாக் காட்டினா ஏஜ் ரெஸ்ட்ரிக்சன் போட்டுருவான், அப்புறம் லாகின் பண்ணாதவனும் 18க்குக் கீழ இருக்கறவனும் பாக்கவே முடியாது. தம்ப்நெயில்ல ரத்தம் வழிய வெக்கறதும் அந்தக் கணக்குலதான் வரும். நீங்க யாருக்காக எடுக்கறீங்களோ அவங்களுக்கே கதவச் சாத்திக்கற வேலை அது.

பயமுறுத்தறது எப்படின்னு கேக்கல நீங்க, இருந்தாலும் சொல்லிர்றேன், ஏன்னா இந்தத் தலைமுறை ஜம்ப் ஸ்கேர்ல, அதான் சட்டுன்னு முன்னால வந்து தூக்கிவாரிப் போட வெக்கறதுல, பிஎச்டி முடிச்சிருக்குது. கண்ணாடிக் கதவ மூடினா பின்னால நிக்கும்னு அவனுக்குத் தெரியும், மியூசிக் நின்னா மூணு எண்றதுக்குள்ள வரும்னு தெரியும், பக்கத்துல இருக்கறவன் கிட்ட 'இப்ப வரும் பாரு'ன்னு சொல்லிட்டே பாக்கறவன் அவன். அத வெச்சே அவன ஏமாத்தோணும். கண்ணாடிய மூடுங்க, ஒண்ணும் வேண்டாம். அவன் ஏமாந்து சிரிச்சு அடங்கின அப்புறம், சாதாரணமா சோறு திங்கற சீன்ல வெய்யிங்க. த்ரில்லர் பட டைரக்டர் ஹிட்ச்காக் சொன்ன குண்டுக் கதை தெரிஞ்சிருக்கும், மேசைக்கு அடியில குண்டு இருக்கறது பாக்கறவனுக்குத் தெரியாம வெடிச்சா 15 செகண்டு அதிர்ச்சி, அவனுக்கு முன்னாலயே காட்டிட்டு மேல உக்காந்து பேசறவங்கள பேச விட்டா 15 நிமிஷம் தவிப்பு. ஸ்டூடன்ட் பட்ஜெட்டுக்கு தவிப்புதான் சீப்பு. வெடிக்கறதுக்குத்தான் காசு வேணும்.

அதோட ஒவ்வொரு ஃப்ரேம்லயும் பின்னால எதாச்சும் ஒளிச்சு வெய்யிங்க, யாரு கிட்டயும் சொல்லாதீங்க. ஹாஸ்டல் கதைனா செருப்பு ஸ்டாண்டுல ஒரு ஜோடி கூட இருக்கட்டும், டம்ளர் எண்ணிக்கைல ஒண்ணு தப்பட்டும். ஒருத்தன் கண்டுபிடிச்சு கமென்ட்ல 'டேய் 4:12ல செருப்ப பாருங்கடா'ன்னு போட்டான்னு வெச்சுக்குங்க, நூறு பேரு திரும்பப் போய்ப் பாப்பான். அந்த வயசுக்கு கண்டுபிடிச்சத காட்டிக்கற சந்தோசம் இருக்குதே, அத நம்பி எறங்கலாம்.

சிரிப்பு வரும், அதுக்குத் தயாரா இருங்க. தமிழ்ல ஹாரரும் காமெடியும் சேந்தே ஓடிப் பழகிருச்சு, பயந்தா சிரிக்கறதும் அந்த வயசுக்கு இயல்பு. நீங்க வெச்ச எடத்துல சிரிச்சா நல்லது. வெள்ளச் சேலை, விக்கு, மூஞ்சில பவுடர்னு வந்தா வெக்காத எடத்துல சிரிப்பாங்க, அதோட படம் முடிஞ்சுது. டயலாக்கும் அப்படித்தான், கோபில எடுத்த படத்துல பசங்க மெட்ராஸ் பாஷை பேசினா எவன் நம்புவான்? வாத்தியார்கிட்ட 'இல்லீங் சார்'ங்கறது, தாத்தாவ 'அப்பிச்சி'ங்கறது, பிரெண்ட்டத் திட்டறது எல்லாம் நம்ம வாயில வர்ற மாதிரியே வரட்டும். எழுதினத பத்தாவது படிக்கற ரெண்டு பேர் கையில குடுத்து சத்தமாப் படிக்கச் சொல்லுங்க, எங்க நெளியறாங்களோ அந்த வரியத் தூக்கிருங்க.

சவுண்டு பத்தி சொல்லலைனா எனக்குத் தூக்கம் வராது. உங்க ஆடியன்ஸ் பாக்கப் போறது போன்ல, அதுவும் அம்மா போன்ல, பாதிப்பேரு ஸ்பீக்கர்லயே. ஹாரர்னா 'பூம்ம்ம்'னு ஒரு அடித்தொண்டைச் சத்தம் போடறது எல்லாருக்கும் பழக்கமாயிருச்சு, ஸ்டுடியோ ஸ்பீக்கர்ல வயித்தக் கலக்கும், போன்ல 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ பெருசா ஒண்ணும் கேக்காது, நீங்க பயமுறுத்தறதா நெனச்சுட்டு இருப்பீங்க, அவனுக்கு வெறும் அமைதி. அதனால பயத்த நடுச்சத்தத்துல வெய்யிங்க, மூச்சு, நகத்துல பெஞ்ச சொறண்டறது, தென்னமட்டைய சிமென்ட் தரைல இழுக்கறது. அந்த மட்டை இழுக்கற சத்தத்த ராத்திரி ஹெட்போன்ல ஒருக்கா கேட்டுப் பாருங்க, நான் பலபேர்த்துக்குப் போட்டுக் காட்டியிருக்கேன், யாரும் இது தென்னமட்டைன்னு சொன்னதில்ல. மிக்ஸ் முடிச்சதும் இருக்கறதுலயே மட்டமான போன்ல போட்டுக் கேளுங்க. பாட்டு, பிஜிஎம் எதையும் வேற படத்துல இருந்து உருவாதீங்க, அடுத்தவங்க பாட்டக் கண்டுபிடிக்கற யூட்யூப் கன்டென்ட் ஐடி புடிச்சு வருமானத்தயும் திருப்பிவிட்டுரும், சில சமயம் படத்தயே மறைச்சுரும். யூட்யூப் ஆடியோ லைப்ரரி இருக்குது, அத விட நல்லது உங்க ஊர்ல உடுக்கை அடிக்கறவங்க ஒருத்தர உக்கார வெச்சு ரெக்கார்ட் பண்றது, மரியாதையா காசும் குடுத்து, பேரும் போட்டு.

கேமராவுக்கு ரெண்டே வார்த்தை. நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், டியூப் லைட்டுக்குக் கீழ எடுக்கறப்ப 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 வெய்யிங்க, இல்லைனா வரி வரியா ஓடும். கும்மிருட்டுல எடுக்காதீங்க, போன் கேமராவுல புள்ளி புள்ளியா வரும், பாக்கறவனும் பிரைட்னஸ கொறைச்சு வெச்சிருப்பான், ஒண்ணும் தெரியாது. பொழுதோட சூரியன் எறங்கின அப்புறம் ஒரு இருபது நிமிஷம் நீலமா ஒரு வெளிச்சம் இருக்கும், வெளி ஷாட்ட எல்லாம் அதுல முடிங்க.

சரி, இன்ஸ்டா, போஸ்டர். 1999ல 'தி பிளேர் விட்ச் ப்ராஜெக்ட்'னு ஒரு படம், எடுத்த ரெண்டு பேரும் ஃப்ளோரிடால ஒரே யுனிவர்சிட்டில சினிமா படிச்சவங்க. நடிச்ச மூணு பேர் கைலயே கேமராவக் குடுத்து காட்டுக்குள்ள விட்டு எட்டு நாள்ல எடுத்தாங்க. நெசமாவே மூணு மாணவருங்க காணாமப் போன மாதிரி வெப்சைட்டு, காணவில்லை போஸ்டர்னு பண்ணி, நடிச்ச பொண்ணோட அம்மாவுக்கு அனுதாபக் கார்டெல்லாம் போச்சு. உலகம் பூரா 25 கோடி டாலர் கிட்ட வசூல். இத எல்லா சினிமா வகுப்புலயும் சொல்லித் தருவாங்க, உடனே நம்ம பசங்களும் காணவில்லை போஸ்டர் அடிக்கக் கெளம்பிருவாங்க. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. 2018ல புள்ள புடிக்கறவங்கன்னு வாட்ஸப்ல பரவின வதந்திய நம்பி திருவண்ணாமலைப் பக்கம் கோயிலுக்கு வந்த ஒரு வயசான அம்மாவ அடிச்சே கொன்னுட்டாங்க. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல 'இந்த மாணவனைக் காணவில்லை'ன்னு ஒட்டினா அது உங்க படத்து போஸ்டர்னு யாருக்குத் தெரியும்? சாயங்காலத்துக்குள்ள குடும்ப குரூப் எல்லாத்துலயும் சுத்தும்.

கதைன்னு தெரிஞ்சே வெளையாடலாம், அதுல பசங்களுக்கு கிக்கு கொறையாது. படத்தோட பேர்ல ஒரு பக்கம் தொடங்கி, பயோவுலயே குறும்படம்னு போட்டுட்டு, தெனமும் ராத்திரி ஒரே நேரத்துக்கு ரெஜிஸ்டர் பக்கத்த மட்டும் போட்டோ எடுத்துப் போடுங்க. '42. சரி.' அடுத்த நாள் '42. சரி.' ஒரு வாரம் கழிச்சு 43, அதுவும் மேல பேனாவுல கிறுக்கி 42ன்னு திருத்தின மாதிரி. கேப்சன் ஒண்ணும் வேண்டாம். மொத ஆளு கமென்ட்ல கேக்கற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க. போஸ்டரும் அதேதான், ரூல் போட்ட பேப்பர், மை ஊத்தின எண்ணு, கையில எழுதின தலைப்பு. மூஞ்சி, கண்ணு, ரத்தக்கை எதுவும் வேண்டாம், அது ஆயிரம் போஸ்டர்ல இருக்குது.

ட்ரெய்லர் போனுக்கு நிமித்தி, தனியா ஷூட் பண்ணுங்க, படுத்த வீடியோவ வெட்டி நிமித்தினா தலை பாதி போயிரும். காலேஜ் லோகோ, நன்றி, வழங்கும்னு ஆரம்பிச்சீங்கன்னா அந்த ரெண்டு செகண்டுலயே விரலு மேல தள்ளிரும், மொத ஷாட்டே வார்டன் விரலு எண்றதா இருக்கட்டும். அப்புறம் 'பாராநார்மல் ஆக்டிவிட்டி'க்கு 2009ல பண்ணது ஒண்ணு இருக்குது, 15,000 டாலர் சுமாருக்கு டைரக்டர் தன்ற சொந்த வீட்டுலயே எடுத்த படம் அது, ட்ரெய்லர்ல படத்த விட தியேட்டர்ல உக்காந்து பாக்கறவங்க அலறறதத்தான் அதிகமாக் காட்டினாங்க. அது நம்மளாலயும் முடியும். உங்க தங்கச்சி, அவ பிரெண்ட்ஸுன்னு அஞ்சாறு பேர சோபால உக்கார வெச்சு படத்தப் போட்டு மூஞ்சிகள மட்டும் எடுங்க. ஒருத்தி தலகாணில மூஞ்சிய மறைச்சுட்டு ஒரு கண்ணுல பாப்பா பாருங்க, அது போதும். 18க்குக் கீழ இருந்தா வீட்டுப் பெரியவங்க சம்மதத்த எழுதி வாங்கிக்குங்க, படத்துல நடிக்கற சின்னப் புள்ளைகளுக்கும் அதேதான், ராத்திரி ஷூட்னா அம்மாவோ அப்பாவோ கூட இருக்கோணும்.

அந்த உக்கார வெச்சுக் காட்டறத ஒரு தடவயோட விடாதீங்க. எடிட் முடியறதுக்கு முன்னாலயே டியூசன் சென்டர்லயோ அபார்ட்மென்ட் மொட்டை மாடிலயோ 14, 15 வயசுப் பசங்க கொஞ்சம் பேர்த்துக்குப் போடுங்க, நீங்க ஸ்கிரீனப் பாக்காதீங்க, அவங்களப் பாருங்க. எந்த நிமிஷத்துல மொதப் போன் வெளிய வருது, எங்க ரெண்டு பேர் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறாங்க, இத மட்டும் குறிங்க. 'நல்லா இருந்துச்சுங்ணா'ன்னு எல்லாரும் சொல்லுவாங்க, அத நம்பவேண்டாம், 'கதைய உன்ற பிரெண்டுகிட்ட சொல்லு'ன்னு சொல்லிட்டு அக்கட்டால நின்னு கேளுங்க. மொட்டை மாடில வேட்டியத் திரையாக் கட்டிப் படம் காட்டறதா, கவுரவக் கொறச்சல்னு நெனைக்க வேண்டாம். ரயில்வேல கிளார்க்கா இருந்த நம்ம கோயம்புத்தூர் சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ல ஒரு பிரெஞ்சுக்காரர் கிட்ட ப்ரொஜெக்டர் வாங்கி ஊர் ஊரா டென்ட் அடிச்சுத்தான் படம் காட்டினாரு, 1914ல வெரைட்டி ஹால் தியேட்டர் கட்டினதெல்லாம் அதுக்கப்புறம்.

கடைசியா நேரம். மார்ச்ல பொதுத்தேர்வு, டிசம்பர்ல அரையாண்டு, அப்ப என்ன போட்டாலும் போன் அம்மா பீரோவுக்குள்ள இருக்கும். தீபாவளி, பொங்கல் வாரத்துல பெரிய ஹீரோ படம் இருக்கும், பக்கத்துலயே போகாதீங்க. அரையாண்டு லீவு தொடங்கற அன்னைக்கு, இல்ல ஏப்ரல் கடைசில, வெள்ளிக்கெழம ராத்திரி எட்டரை மணிக்கு விடுங்க, வீட்டுல சோறு தின்னுட்டு கசின்ஸ் எல்லாம் ஒரே ரூம்ல பாய் போட்டுப் படுத்திருக்கற நேரம் அது, ஒரு போன ஆறு பேரு பாப்பாங்க. 22 நிமிஷத்த 14க்கு கொண்டு வாங்க. அந்த பங்களாவுக்குப் போற கார் பாட்டு இருக்குதுன்னு சொன்னீங்கள்ல, மொதல்ல அதுல கை வெய்யிங்க.